இயங்குதளம் மாற்றிய பின் கணினி தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறதா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

2025 அக்டோபர் 14-ஆம் தேதியோடு விண்டோஸ் 10-க்கான பொது ஆதரவு முடிந்தது. அதையொட்டி வீட்டுக் கணினிகளும் கடைக் கணினிகளுமாக எத்தனையோ இயந்திரங்கள் விண்டோஸ் 11-க்கோ லினக்ஸுக்கோ மாறின. உறவினர், நண்பர் வீடுகளில் நானும் பல கணினிகளை மாற்றிக் கொடுத்தேன். மாற்றிய ஒரு வாரத்துக்குள் சிலரிடமிருந்து தொலைபேசி வரும். “நன்றாக ஓடிக்கொண்டிருந்தது. புதியதைப் போட்டதிலிருந்து திடீர் திடீரென்று தானாகவே ரீஸ்டார்ட் ஆகிறது” என்பார்கள். அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்ட கேள்விகளும் நான் சொல்லும் பதில்களும் இவை.

இயங்குதளம் மாற்றிய பிறகுதான் இப்படி ஆகிறது. அப்படியானால் கோளாறு இயங்குதளத்தில்தானே?

இருக்கலாம். ஆனால் அதை முடிவாக எடுத்துக்கொண்டு தேடத் தொடங்காதீர்கள். மாற்றிய அந்த நாளை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். இயங்குதளம் மட்டுமா மாறியது? பழைய ஹார்டு டிஸ்க்கை எடுத்துவிட்டு எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) போட்டிருப்பார்கள். அதற்காகக் கேபினட்டைத் திறந்து, உள்ளே இருந்த ஒயர்களைக் கையால் ஒதுக்கியிருப்பார்கள். மேசைக்கு அடியில் ஐந்து ஆண்டுகளாக அசையாமல் இருந்த கேபினட்டை இழுத்து வெளியே வைத்திருப்பார்கள். விண்டோஸ் 11 கேட்கிறதே என்று பயாஸுக்குள் (இயங்குதளத்துக்கு முன்பே ஓடும் மதர்போர்டின் அமைப்புத் திரை) போய் டிபிஎம், செக்யூர் பூட் என்ற இரண்டு பாதுகாப்பு அமைப்புகளையும் இயக்கியிருப்பார்கள். ராம் போதாது என்று இன்னொரு துண்டு சேர்த்திருப்பார்கள். இவற்றில் எது வேண்டுமானாலும் ரீஸ்டார்ட்டுக்குக் காரணமாகலாம்.

காக்கை உட்காரப் பனம்பழம் விழுந்த கதையாகவும் இருக்கலாம். எட்டு ஆண்டு உழைத்த எஸ்எம்பிஎஸ் (கணினிக்கு மின்சாரம் மாற்றித் தரும் பெட்டி) பழுதாவதற்கு ஏதோ ஒரு நாள் வேண்டும். அது இந்த மாதமாக இருந்துவிடலாம்.

மூன்றாவது ஒரு வகையும் உண்டு. அதைத்தான் பலர் யோசிப்பதில்லை. வன்பொருளில் முன்பே ஒரு பலவீனம் இருந்திருக்கும். பழைய இயங்குதளம் அந்த இடத்தைத் தொடாமல் ஓடியிருக்கும். புதியது அதே வன்பொருளை வேறு விதமாகப் பயன்படுத்துவதால் பலவீனம் வெளியே வரும். இப்படிப்பட்ட நேரத்தில் இயங்குதளத்தைத் திரும்ப மாற்றினால் கோளாறு மறையும், தீராது.

முதலில் என்ன செய்ய வேண்டும்?

புகைப்படங்கள், கணக்குகள், ஆவணங்கள் எல்லாவற்றையும் வெளி டிஸ்க்கில் நகலெடுங்கள். எழுதிக்கொண்டிருக்கும்போது மின்சாரம் அறுந்தால் கோப்புகள் சிதையக்கூடும். காரணத்தை நாளைக்குக்கூடத் தேடலாம். நகல் இன்றைக்கே வேண்டும்.

பிறகு ஒரு தாளில் ஒவ்வொரு ரீஸ்டார்ட்டையும் குறித்து வையுங்கள். எத்தனை மணிக்கு நடந்தது, அப்போது என்ன வேலை ஓடியது, திரை சட்டென்று இருண்டதா, எழுத்துகள் ஏதாவது தெரிந்ததா, விளக்கோ மின்விசிறியோ அந்த நொடியில் மங்கியதா, இவை போதும். நான்கைந்து முறை குறித்ததும் ஒரு ஒழுங்கு தெரியத் தொடங்கும். “எப்போது வேண்டுமானாலும் ஆகிறது” என்று சொன்னவர்கள் எழுதிப் பார்த்தபோது, “சும்மா விட்டுவிட்டுச் சாப்பிடப் போனால்தான் ஆகிறது” என்று திருத்திச் சொல்லியிருக்கிறார்கள். பாதித் தேடல் அங்கேயே முடிந்துவிடுகிறது.

விண்டோஸில் காரணம் எங்கே பதிவாகிறது?

தேடல் பெட்டியில் ‘ஈவென்ட் வியூவர்’ என்று தேடித் திறந்து, ‘விண்டோஸ் லாக்ஸ்’ என்பதன் கீழே உள்ள ‘சிஸ்டம்’ பகுதிக்குப் போங்கள். ரீஸ்டார்ட் ஆன நேரத்தை ஒட்டிப் பாருங்கள். அங்கே நான்கு எண்கள் முக்கியம்.

1074 என்ற எண் இருந்தால், யாரோ அல்லது ஏதோ ஒரு நிரல் முறைப்படி கேட்டு நடந்த ரீஸ்டார்ட் அது. கேட்டது யார் என்ற பெயரும் அதே பதிவில் இருக்கும். இது கோளாறு அல்ல.

6008 என்றால் கணினி எதிர்பாராமல் நின்றது என்று பொருள்.

41 என்ற எண், ‘கெர்னல் பவர்’ என்ற பெயரோடு சிவப்பாக வரும். இதைப் பார்த்ததும் பலர் “பவர் என்று இருக்கிறது, எஸ்எம்பிஎஸ் போய்விட்டது” என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். தவறு. ஒழுங்காக மூடப்படாமல் கணினி மறுபடி எழுந்தது என்பது மட்டுமே அதன் பொருள். எழுந்த பிறகு விண்டோஸ் எழுதும் குறிப்பு அது. விழுந்த காரணத்தை அது தன்னளவில் சொல்வதில்லை.

1001, ‘பக்செக்’ என்ற பெயரோடு வந்தால், விண்டோஸ் தானே ஒரு பிழையைக் கண்டு நின்றிருக்கிறது. அப்போது ‘மினிடம்ப்’ கோப்புறையில் பிழை விவரம் உள்ள ஒரு கோப்பும் சேமிக்கப்பட்டிருக்க வாய்ப்புண்டு.

41 பதிவின் உள்ளே ஏதாவது பயன்படுமா?

மிகவும் பயன்படும். அந்தப் பதிவைச் சொடுக்கி, ‘டீடெயில்ஸ்’ பக்கத்தில் ‘பக்செக் கோட்’ என்ற வரியைப் பாருங்கள். அங்கே சுழியம் இருந்தால், பிழையைக் குறித்துவைக்கக்கூட விண்டோஸுக்கு நேரம் கிடைக்கவில்லை. மின்சாரம் அறுந்திருக்கலாம், மதர்போர்டு ரீசெட் ஆகியிருக்கலாம் (மின்சாரம் இருக்கும்போதே வன்பொருள் தானே மறுபடி தொடங்குவது), அல்லது கணினி உறைந்து நின்று யாரோ பொத்தானை அழுத்தியிருக்கலாம். கடைசி வகையாக இருந்தால், அருகிலேயே ‘பவர் பட்டன்’ நேரக்குறிப்பில் சுழியமல்லாத எண் இருக்கக்கூடும்.

சுழியமில்லாமல் வேறு எண் இருந்தால் நல்லதுதான், ஏனென்றால் அது ஒரு துப்பு. ஒரு விஷயம் மட்டும் நினைவில் இருக்கட்டும்: இங்கே எண்கள் சாதாரணப் பதின்மக் கணக்கில் வரும், பிழை நேரும்போது விண்டோஸ் காட்டும் நீலத்திரையிலும் இணையத்திலும் பதினாறடிமானக் கணக்கில் வரும். அதனால் இங்கே 292 என்றிருப்பதும் நீலத்திரையில் 124 என்று வருவதும் ஒன்றுதான். அது வன்பொருள் தெரிவித்த பிழை. 26 நினைவக நிர்வாகப் பிழை. 209 பெரும்பாலும் ஒரு டிரைவரின் (ஒரு வன்பொருளை இயக்கும் மென்பொருள்) தவறு. 159 உறக்கத்துக்குப் போகும்போதோ எழும்போதோ ஒரு டிரைவர் சொன்னபடி கேட்கவில்லை என்பது. 278 கிராபிக்ஸ் டிரைவர் பதில் சொல்லாமல் போனதைக் குறிக்கும். மாற்றிக் கணக்கிட விண்டோஸ் கால்குலேட்டரின் ‘புரோகிராமர்’ முறையே போதும்.

‘ஹூயா லாகர்’ (வன்பொருள் பிழைகளைப் பதியும் பகுதி) என்ற பெயரில் 18 என்ற எண் தென்பட்டால், அதற்குப் பிறகு டிரைவர்களோடு மல்லுக்கட்ட வேண்டாம். ப்ராசசர், ராம், மதர்போர்டு, மின் வழங்கல் இந்த நால்வரில் ஒருவர்தான்.

ஏதோ ஒரு திரை மின்னி மறைகிறது. படிப்பதற்குள் ரீஸ்டார்ட் ஆகிவிடுகிறதே?

பிழை வந்ததும் தானாக ரீஸ்டார்ட் செய்வது விண்டோஸின் இயல்பான அமைப்பு. ‘சிஸ்டம் ப்ராப்பர்ட்டீஸ்’ சாளரத்தில் ‘அட்வான்ஸ்டு’ பகுதிக்குப் போய், ‘ஸ்டார்ட்அப் அண்ட் ரிகவரி’ அமைப்பைத் திறந்து, ‘ஆட்டோமேட்டிக்கலி ரீஸ்டார்ட்’ என்பதிலுள்ள குறியை எடுத்துவிடுங்கள். அடுத்த முறை பிழைத்திரை அப்படியே நிற்கும், கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ளலாம். 2025-இல் வந்த புதுப்பிப்புக்குப் பிறகு விண்டோஸ் 11-இல் அந்தத் திரை நீலமாக இல்லை, கருப்பாக இருக்கும். சோக முகமும் கிடையாது. கருப்பாக ஏதோ வந்தது, மானிட்டர் பழுது என்று நினைத்துவிட வேண்டாம்.

இந்தக் குறியை எடுத்த பிறகும் திரை நிற்காமல், பட்டென்று அணைந்து எழுந்தால், விண்டோஸுக்குத் தெரியாமல் நடக்கும் ரீஸ்டார்ட் அது.

இரவில் மட்டும் ரீஸ்டார்ட் ஆகிறது. காலையில் பார்த்தால் எல்லாம் மூடிக் கிடக்கிறது.

பெரும்பாலும் விண்டோஸ் அப்டேட். 1074 பதிவு இருக்கும், பாருங்கள். அப்டேட் அமைப்பில் ‘ஆக்டிவ் ஹவர்ஸ்’ என்ற நேரத்தை உங்கள் வேலை நேரத்துக்கு ஏற்ப மாற்றுங்கள். அதிகபட்சம் 18 மணி நேரம் வரை வைக்கலாம். புதிதாக நிறுவிய முதல் வாரத்தில் டிரைவர்களும் அப்டேட்களும் வரிசையாக வருவதால் இது சற்று அதிகமாகவே நடக்கும்.

லினக்ஸில் எங்கே பார்ப்பது?

லினக்ஸ் மின்ட் போன்ற லினக்ஸ் வகைகளில் ‘லாக்ஸ்’ என்ற செயலி உண்டு. அதன் மேற்பகுதியில் எந்தத் தொடக்கத்தின் பதிவு வேண்டும் என்று தேர்ந்தெடுக்கலாம். இப்போது ஓடுவதை விட்டுவிட்டு, அதற்கு முந்தையதைத் தேர்ந்தெடுத்துக் கடைசி வரிகளைப் படியுங்கள். டெர்மினல் பழக்கமுள்ளவர்கள் ஜர்னல்சிடிஎல் ஆணைக்கு முந்தைய பூட் எண்ணாகக் கழித்தல் 1 கொடுத்தால் போதும்.

சேவைகள் ஒவ்வொன்றாக நிறுத்தப்படும் வரிகளோடு பதிவு முடிந்தால், யாரோ முறைப்படி கேட்டு நடந்தது. கெர்னல் பேனிக் (இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் மீள முடியாமல் நிற்பது), கிராபிக்ஸ் பிழை போன்ற சொற்களோடு முடிந்தால் அதுவே உங்கள் துப்பு. புதிய தொடக்கத்தின் ஆரம்ப வரிகளிலும் ‘ஹார்டுவேர் எரர்’ என்ற சொற்கள் இருக்கின்றனவா என்று தேடுங்கள். விழுவதற்கு முன் ப்ராசசர் தன் பதிவேட்டில் விட்டுச்சென்ற குறிப்பை லினக்ஸ் எழுந்ததும் எடுத்து எழுதும். ஏஎம்டி ஜென் வகை ப்ராசசர்களில், லினக்ஸ் 6.16 முதல் இன்னொரு வசதியும் வந்திருக்கிறது: முந்தைய ரீசெட் எதனால் நேர்ந்தது என்பதையே தொடக்கத்தில் ஒரு வரியாகக் கெர்னல் எழுதுகிறது.

பதிவு எந்தப் பிழையும் இல்லாமல் சட்டென்று அறுந்து நிற்கிறது. இதற்கு என்ன பொருள்?

ஒன்றும் இல்லாததும் ஒரு செய்திதான். பொதுவாக லினக்ஸ் கெர்னல் பேனிக் ஆனால், தானாக ரீஸ்டார்ட் ஆகாது. அப்படியே உறைந்து நிற்கும். பல மடிக்கணினிகளில் கேப்ஸ் லாக் விளக்கு சிமிட்டும். ஆகவே லினக்ஸ் கணினி ஒரு வரிகூட எழுதாமல் தானே எழுகிறது என்றால், என் சந்தேகம் முதலில் மின்சாரத்தின் மீதும், அடுத்து வன்பொருள் ரீசெட் மீதும் போகும். இயங்குதளத்தைச் சந்தேகிப்பது அதற்கும் பிறகுதான்.

மின்சாரம் அறுந்ததா, போர்டு ரீசெட் ஆனதா என்று பிரித்துப் பார்க்க வழி உண்டா?

உண்டு, ஒரு ரூபாய்கூடச் செலவில்லாத வழி. பயாஸில், மின்சாரம் போய் வந்தால் என்ன செய்ய வேண்டும் என்று ஒரு அமைப்பு இருக்கும். ‘ஏசி பவர் லாஸ்’, ‘ஏசி பேக்’ என்று போர்டுக்குப் போர்டு பெயர் மாறும். அதை ‘ஆஃப்’ என்று வையுங்கள். அடுத்த முறை கணினி தானாக எழாமல் அணைந்தே கிடந்தால், சுவரிலிருந்து எஸ்எம்பிஎஸ் வரையிலான பாதையில் எங்கோ மின்சாரம் அறுந்திருக்கிறது, அல்லது அதிக வெப்பமோ எஸ்எம்பிஎஸ் பாதுகாப்போ அணைத்திருக்கிறது. அப்போதும் தானே எழுந்தால், அது ரீசெட். எஸ்எம்பிஎஸ் லேசாகத் தடுமாறினால் இரண்டு விதமாகவும் தெரியக்கூடும் என்பதால், ஒருமுறை பார்த்து முடிவு கட்டாமல் இரண்டு மூன்று முறை பாருங்கள்.

என் அக்கா வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். அத்தான் டியூஷன் வினாத்தாள் தயாரிக்கும் பழைய கணினியில் எஸ்எஸ்டி போட்டு லினக்ஸ் மின்ட் நிறுவிக் கொடுத்தேன். மூன்றாம் நாளிலிருந்து தினமும் நான்கைந்து முறை ரீஸ்டார்ட். “தம்பி, எனக்குப் பழையதையே போட்டுக் கொடுத்துவிடு” என்று அத்தான் சொல்லிவிட்டார். பதிவுகளைப் பார்த்தால் ஒவ்வொரு முறையும் ஏதோ ஒரு சாதாரண வரி, அதன் பிறகு வெறுமை. கெர்னலை மாற்றினேன், கிராபிக்ஸ் டிரைவரை மாற்றினேன், ராமைச் சோதித்தேன். இரண்டு வாரம் ஓடிவிட்டது.

பிறகுதான் பயாஸில் அந்த அமைப்பைப் பார்த்தேன். மின்சாரம் வந்ததும் எழு என்று வைத்திருந்தது. முன்பக்கப் பொத்தான் உடைந்துபோனதால், சுவர் சுவிட்சைப் போட்டாலே கணினி எழும்படி யாரோ எப்போதோ மாற்றிக் கொடுத்திருக்கிறார்கள். அதை அணைத்து வைத்தேன். அன்று மாலையே கணினி அணைந்தது, எழவில்லை. கேபினட்டின் பின்னால் கையை விட்டு, எஸ்எம்பிஎஸ்ஸில் செருகியிருந்த பவர் கார்டை ஒரு விரலால் லேசாக மேலே தள்ளினேன். மதர்போர்டின் சிறு பச்சை விளக்கு எரிந்தது. விரலை எடுத்தேன், அணைந்தது. கார்டைப் பிடுங்கி வெளிச்சத்தில் பார்த்தபோது, மூன்று துளைகளில் ஒன்றின் ஓரம் பழுப்பாகக் கருகி, உள்ளே இருந்த பித்தளைத் தகடு விரிந்து கிடந்தது. எஸ்எஸ்டி போடுவதற்காக நான் கேபினட்டை வெளியே இழுத்த அன்று அது இளகியிருக்க வேண்டும். புதிய கார்டு வாங்கிச் செருகிய பிறகு ரீஸ்டார்ட் நின்றது. அத்தான் இன்றும் அதே மின்டில்தான் வினாத்தாள் தயாரிக்கிறார்.

அதிலிருந்து நான் எந்த வீட்டுக்குப் போனாலும், திரையைப் பார்ப்பதற்கு முன் பவர் கார்டைப் பிடுங்கிப் பார்க்கிறேன்.

யுபிஎஸ் இருக்கிறது. அப்படியும் மின்சாரம் காரணமாக முடியுமா?

முடியும். ஏடிஎக்ஸ் (டெஸ்க்டாப் கணினிகளுக்கான பொது அளவு) எஸ்எம்பிஎஸ் ஒன்று, உள்ளே வரும் மின்சாரம் நின்ற பிறகும் சுமார் 16 மில்லி விநாடி தாக்குப்பிடிக்க வேண்டும் என்பது வகுக்கப்பட்ட அளவு. வீட்டு யுபிஎஸ் பாட்டரிக்கு மாற எடுத்துக்கொள்ளும் சில மில்லி விநாடிகளை அந்த இடைவெளியில்தான் கடக்கிறோம். எஸ்எம்பிஎஸ்ஸின் கபாசிட்டர்கள் வயதாகி வறண்டால் தாங்கும் நேரம் குறையும். யுபிஎஸ் ‘டிக்’ என்று மாறும் அதே நொடியில் கணினி ரீஸ்டார்ட் ஆகிறது என்றால் இதுதான் நடக்கிறது. பாட்டரி ஓய்ந்துபோன யுபிஎஸ்ஸும் இதே வேலையைச் செய்யும். சோதிப்பது எளிது: இரண்டு நாள் யுபிஎஸ்ஸைத் தவிர்த்து, வேறொரு சுவர் சாக்கெட்டில் கணினியை நேராகச் செருகி ஓட்டிப் பாருங்கள். மின்வெட்டு, வோல்டேஜ் ஏற்ற இறக்கம் இல்லாத நேரமாக இருக்கட்டும்.

எஸ்எம்பிஎஸ்ஸை நானே சோதிக்கலாமா?

வெளியிலிருந்து சோதிக்கலாம். மல்டிமீட்டர் பழக்கமிருந்தால், மஞ்சள் ஒயருக்கும் கருப்பு ஒயருக்கும் இடையே 11.4 முதல் 12.6 வோல்ட்டுக்குள் இருக்கிறதா என்று பார்க்கலாம். ஆனால் மீட்டரில் சரியாகத் தெரிவதாலேயே அது நல்லது என்று சொல்லிவிட முடியாது. நொடியில் வந்து போகும் சரிவு சாதாரண மீட்டரில் தெரியாது. நன்றாக இருப்பதாக உறுதியாகத் தெரிந்த வேறொரு எஸ்எம்பிஎஸ்ஸை இரண்டு நாள் மாட்டிப் பார்ப்பதே நம்பகமான சோதனை.

அந்தப் பெட்டியைத் திறக்காதீர்கள். 230 வோல்ட்டை நேர்மின்னாக மாற்றும்போது உள்ளே கபாசிட்டரில் 300 வோல்ட்டுக்கு மேல் தேங்கும். ஒயரைப் பிடுங்கிய பிறகும் அது சிறிது நேரம் இருக்கும்.

மதர்போர்டுக்கு வரும் 24 முனைப் பெரிய பிளக்கையும், ப்ராசசர் அருகே செருகும் 4 அல்லது 8 முனைப் பிளக்கையும், மின்சாரத்தை முழுக்கத் துண்டித்துவிட்டு எடுத்து மறுபடி அழுத்திச் செருகுங்கள். கொக்கி ‘கிளிக்’ என்று விழ வேண்டும்.

வேலை செய்யும்போது ஒன்றும் இல்லை. சும்மா இருக்கும்போதுதான் ரீஸ்டார்ட் ஆகிறது.

வன்பொருளை இயங்குதளம் பயன்படுத்தும் விதம் மாறுவதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு. வேலை இல்லாதபோது ப்ராசசர் படிப்படியாக ஆழ்ந்த உறக்க நிலைகளுக்குப் போகும். எந்த நிலைக்கு, எவ்வளவு சீக்கிரம் அனுப்புவது என்பதை விண்டோஸ் ஒரு விதமாகவும் லினக்ஸ் வேறு விதமாகவும் முடிவு செய்கின்றன. மிக ஆழ்ந்த நிலையில் ப்ராசசர் இழுக்கும் மின்னோட்டம் மிகவும் குறைந்துவிடும். பழைய எஸ்எம்பிஎஸ் சிலவற்றால் அந்தக் குறைந்த சுமையில் நிலையாக இருக்க முடியாது.

2017-இல் வந்த முதல் தலைமுறை ரைசன் ப்ராசசர்களை லினக்ஸில் ஓட்டியவர்கள் பலர், கணினி சும்மா இருக்கும்போது உறைவதாகவும் ரீசெட் ஆவதாகவும் தெரிவித்தார்கள். இதே ப்ராசசர்கள் விண்டோஸ் 11-இன் ஆதரவுப் பட்டியலில் இல்லை என்பதால், இன்று லினக்ஸுக்கு மாறும் கணினிகளில் இவையும் நிறைய உண்டு. மருந்து பயாஸிலேயே இருக்கிறது: ‘பவர் சப்ளை ஐடில் கன்ட்ரோல்’ என்பதை ‘டிபிகல் கரன்ட் ஐடில்’ என்று மாற்ற வேண்டும். அந்த அமைப்பு தென்படவில்லை என்றால், மதர்போர்டு நிறுவனத்தின் தளத்தில் புதிய பயாஸ் இருக்கிறதா என்று பாருங்கள். மின்சாரச் செலவு சற்றுக் கூடும்; கணினி நிலையாக நிற்கும்.

கனமான வேலையில் மட்டும் ஆகிறது என்றால்?

வெப்பம், எஸ்எம்பிஎஸ்ஸின் திறன், ப்ராசசர் இந்த வரிசையில் பாருங்கள். ஹீட்சிங்க்கில் தூசு அடைத்திருந்தாலும் தெர்மல் பேஸ்ட் காய்ந்திருந்தாலும் ப்ராசசர் முதலில் வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். அதுவும் போதாதபோது அணைந்துவிடும். வெப்பம் மிஞ்சினால் கணினி பெரும்பாலும் அணைந்தே போகும், தானே எழுவது குறைவு. கிராபிக்ஸ் கார்டு உள்ள கணினியில் புதிய டிரைவர் கார்டை முழு வேகத்தில் ஓட்டத் தொடங்கியிருக்கலாம். விளையாட்டு தொடங்கிய நொடியில் விழுகிறதென்றால் எஸ்எம்பிஎஸ்ஸின் வாட் போதுமா என்று பாருங்கள்.

இன்டெலின் 13, 14-ஆம் தலைமுறை டெஸ்க்டாப் ப்ராசசர் வைத்திருப்பவர்கள் பயாஸைப் புதுப்பித்தே ஆக வேண்டும். தேவைக்கு மேற்பட்ட மின்னழுத்தத்தால் இவற்றில் சில காலப்போக்கில் நிலைகுலைவதை 2024-இல் இன்டெலே ஒப்புக்கொண்டது. அதற்கான மைக்ரோகோட் (ப்ராசசரின் உள் நிரல்) திருத்தங்கள் 2024 ஆகஸ்டிலும் செப்டம்பரிலும், மேலும் ஒன்று 2025 மே மாதத்திலும் வந்தன. திருத்தம் இனிவரும் சேதத்தைத் தடுக்கும். ஏற்கெனவே சேதமான ப்ராசசரைச் சரிசெய்யாது. பாதிக்கப்பட்ட வகைகளுக்கு வாரண்டியை 2 ஆண்டு நீட்டித்திருக்கிறார்கள், கேட்டுப் பெறுங்கள்.

ராமை எப்படிச் சோதிப்பது?

மெம்டெஸ்ட் 86+ என்ற இலவச நிரலைப் பென் டிரைவில் போட்டு, அதிலிருந்து கணினியைத் தொடங்கி, இரவு முழுக்க ஓட விடுங்கள். சிவப்பில் ஒரே ஒரு பிழை வந்தாலும் போதும், ஒன்றுதானே என்று விடக்கூடாது. துண்டுகளை ஒவ்வொன்றாக மாட்டிச் சோதித்து எது கெட்டது என்று கண்டுபிடியுங்கள்.

சோதனைக்கு முன் பயாஸில் எக்ஸ்எம்பி அல்லது எக்ஸ்போ (ராமைக் கூடுதல் வேகத்தில் ஓட்டும் அமைப்பு) இயங்குகிறதா என்று பார்த்து, இயங்கினால் அணைத்துவிடுங்கள். பெட்டியில் அச்சிட்ட வேகம் என்றாலும் அது நிர்ணயிக்கப்பட்ட இயல்பு வேகத்துக்கு மேற்பட்டது. பழைய துண்டோடு வேறு நிறுவனத்தின் புதிய துண்டைச் சேர்த்திருந்தால் இது இன்னும் முக்கியம்.

பயாஸில் கை வைத்தது நினைவிருக்கிறது. என்ன மாற்றினோம் என்று தெரியவில்லை.

ஒருமுறை ‘லோட் டிஃபால்ட்ஸ்’ கொடுத்து எல்லாவற்றையும் இயல்பு நிலைக்குக் கொண்டுவந்துவிட்டு, தேவையானதை மட்டும் மறுபடி அமையுங்கள். ஒன்று கவனம்: விண்டோஸில் பிட்லாக்கர் அல்லது டிவைஸ் என்கிரிப்ஷன் (டிஸ்க்கில் உள்ளதைப் பூட்டி வைக்கும் வசதி) இயங்கினால், அதன் மீட்புச் சாவியை எடுத்து வைத்துக்கொண்ட பிறகே பயாஸைத் தொடுங்கள். டிபிஎம் அமைப்பு மாறினால் விண்டோஸ் அந்த 48 இலக்கச் சாவியைக் கேட்கும்.

உண்மையிலேயே இயங்குதளமே காரணமாக இருந்தது உண்டா?

உண்டு. 2024 அக்டோபரில் விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பு வந்தபோது, வெஸ்டர்ன் டிஜிட்டலின் எஸ்என்770, எஸ்என்580 ஆகிய எஸ்எஸ்டிகளின் 2 டிபி வகைகளில் நீலத்திரையும் ரீஸ்டார்ட்டும் திரும்பத் திரும்ப வந்தன. தனி நினைவகம் இல்லாத இந்த எஸ்எஸ்டிகள் கணினியின் ராமிலிருந்து கொஞ்சம் கடன் வாங்கும். முன்பு 64 எம்பி கிடைத்த இடத்தில் புதிய பதிப்பு 200 எம்பி கொடுத்தது. எஸ்எஸ்டியின் ஃபர்ம்வேர் (அதற்குள்ளேயே இருக்கும் மென்பொருள்) அதைச் சமாளிக்கவில்லை. நிறுவனம் புதிய ஃபர்ம்வேர் வெளியிட்ட பிறகு தீர்ந்தது. டிஸ்க் பழுதாகவில்லை, இயங்குதளம் மாறியதால் பழைய ஃபர்ம்வேரின் குறை வெளிப்பட்டது.

டிரைவர்களும் இப்படித்தான். புதிதாக நிறுவும் விண்டோஸ் 11-இல் ‘மெமரி இன்டெக்ரிட்டி’ என்ற பாதுகாப்பு பல கணினிகளில் தானே இயங்கும். பழைய பிரிண்டர், ஒலி அட்டை, பயோமெட்ரிக் கருவி போன்றவற்றின் டிரைவர்கள் அதோடு ஒத்துப்போகாமல் போகலாம். பாதுகாப்பை அணைப்பதைவிட, அந்த டிரைவரை நீக்கிப் புதியதைத் தேடுவது நல்லது.

லினக்ஸில் பழைய கெர்னலையும் வைத்திருக்கும் வசதி உண்டு. தொடக்கத்தில் வரும் கிரப் பட்டியலில் ‘அட்வான்ஸ்டு ஆப்ஷன்ஸ்’ போய் முந்தைய கெர்னலைத் தேர்ந்தெடுங்கள். அதில் இரண்டு மூன்று நாள் ஒழுங்காக ஓடினால், புதிய கெர்னல் மீது சந்தேகம் கொள்ள நியாயம் உண்டு.

இயங்குதளமா வன்பொருளா என்று ஒரே சோதனையில் பிரிக்க முடியுமா?

கிட்டத்தட்ட. விண்டோஸில் விழுகிறதென்றால், லினக்ஸ் மின்ட்டைப் பென் டிரைவில் போட்டு, நிறுவாமல் அதிலிருந்தே ஒரு நாள் முழுக்க ஓட்டுங்கள். வீடியோ ஓடட்டும், இடையே சும்மாவும் இருக்கட்டும். அதிலும் விழுந்தால் வன்பொருள்தான். விழவில்லை என்றால் டிரைவர், விண்டோஸ், அல்லது இந்தச் சோதனை தொடாத எஸ்எஸ்டி. லினக்ஸுக்கு மாறியவர்கள், கழற்றி வைத்த பழைய டிஸ்க்கை மாட்டிப் பார்க்கலாம். அதனால்தான் பழைய டிஸ்க்கை ஒரு மாதமாவது அழிக்காமல் வைத்திருக்கச் சொல்கிறேன்.

எந்தச் சோதனையானாலும் ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மூன்றை மாற்றி, நின்றுவிட்டால், எதனால் நின்றது என்று உங்களுக்கும் தெரியாது, அடுத்து வருபவருக்கும் தெரியாது.

ஷட் டவுன் கொடுத்தால் அணையாமல் மறுபடி எழுகிறதே?

இது வேறு வகை. நெட்வொர்க் கார்டோ யுஎஸ்பி கருவியோ எழுப்புகிறது. யுஎஸ்பியில் இருப்பவற்றை எல்லாம் பிடுங்கிவிட்டு ஒருமுறை ஷட் டவுன் செய்து பாருங்கள். பயாஸில் ‘வேக் ஆன் லேன்’ (நெட்வொர்க் வழியே கணினியை எழுப்புவது) அமைப்பை அணையுங்கள். விண்டோஸில் ‘ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்’ அணைத்துப் பாருங்கள். கேபினட்டின் ரீசெட் பொத்தான் சிக்கிக்கொள்வதும் உண்டு. மதர்போர்டில் அந்த மெல்லிய இரட்டை ஒயரைக் கழற்றிவிட்டால் தெரிந்துவிடும்.

மடிக்கணினிக்கும் இதெல்லாம் பொருந்துமா?

பதிவுகளைப் படிப்பது, ராம் சோதனை எல்லாம் பொருந்தும். சார்ஜரில் மட்டும் விழுகிறதா, பாட்டரியில் மட்டும் விழுகிறதா என்று தனித்தனியே பாருங்கள். டச்பேட் மேலெழும்பியிருந்தாலோ அடிப்பக்கம் உப்பியிருந்தாலோ பாட்டரி வீங்கியிருக்கிறது. உடனே அணைத்துவிட்டு மாற்றக் கொடுங்கள்.

பேசாமல் விண்டோஸ் 10-க்கே திரும்பிவிடலாமா?

சோதனைக்காகத் திரும்பலாம். தனிப்பட்ட பயனர்கள் நீட்டித்த பாதுகாப்புத் திட்டத்தில் சேர்ந்தால் 2026 அக்டோபர் 13 வரை பாதுகாப்புப் புதுப்பிப்புகள் கிடைக்கும் என்று மைக்ரோசாஃப்ட் அறிவித்திருக்கிறது. ஆனால் கருகிய பிளக்கும் வறண்ட கபாசிட்டரும் எந்தப் பதிப்பிலும் அதே பிளக், அதே கபாசிட்டர்தான்.

சர்வீஸ் கடைக்குக் கொண்டுபோனால் என்ன சொல்ல வேண்டும்?

“ரீஸ்டார்ட் ஆகிறது” என்று மட்டும் சொன்னால், பெரும்பாலும் ஃபார்மேட் செய்து திருப்பித் தருவார்கள். நேரம் குறித்த தாள், பிழைத்திரையின் படம், 41 பதிவில் இருந்த எண், இதுவரை செய்து பார்த்த சோதனைகள் இவற்றைக் கொடுங்கள். எப்படியானாலும் ஃபார்மேட்டுக்கு முன் அனுமதி கேட்கச் சொல்லுங்கள். வீட்டில் நீங்கள் பயன்படுத்தும் பவர் கார்டையும் கேபினட்டோடு சேர்த்தே எடுத்துப் போங்கள். கடையில் அவர்களுடைய கார்டில் மாட்டினால் ஒரு வாரம் ஓட்டினாலும் விழாமல், “ஒரு குறையும் இல்லையே” என்று திரும்பி வரக்கூடும்.